ஹவானா நகரின் விருந்து மாளிகைகள்

கரிபியக் கடலுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது கியூபாத் தீவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடிக்கும் இத்தீவின் வடகரைக்கும் இடையே உள்ள கடலின் அகலம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். இத்துணை அருகிருந்தும், அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்விரு கரைகளுக்கும் இடையே எளிதாகப் போய்வரும் வழி அடைபட்டிருந்தது. கரும்பும் புகையிலையும் விளையும் அந்தச் செம்மண் நாடு, உலகப் பயணிகளின் கண்ணுக்கு எட்டாத தூரத்திலேயே பல காலம் இருந்துவிட்டது.

அத்தகைய நாட்டில் இன்று ஐந்து நட்சத்திர விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கின்றன. பளிங்குத் தரையும் மாடிமேல் நீச்சல் குளமும் கொண்ட அம்மாளிகைகளைப் பார்ப்பவர் வியப்படைவது இயல்பே. ஆயினும், விருந்தினருக்கு வாழையிலை விரிக்கும் வீட்டார் தம் சொந்தப் பிள்ளைகளை எங்கே அமர்த்துகின்றனர் என்ற கேள்வியையும் அவை கூடவே எழுப்புகின்றன. அக்கேள்வியை மனத்தில் கொண்டு அந்த நகரைச் சற்றே சுற்றி வருவோம்.

பூங்காவைச் சுற்றி

தலைநகர் ஹவானாவில், பழைய நகர் முடிந்து புதிய நகர் தொடங்கும் எல்லையில் மத்தியப் பூங்கா என்றொரு சதுக்கம் உண்டு. அரசப் பனைகள் சூழ்ந்து நிற்க, நடுவே வெண்பளிங்கில் ஓர் உருவச் சிலை. கியூபாவின் விடுதலைக்காக 1895-இல் போர்க்களத்தில் உயிர் நீத்த கவிஞர் ஹோசே மார்த்தியின் சிலை அது; 1905-இல் நிறுவப்பட்டது. பூங்காவின் மேற்கே 1875 முதல் விருந்தினரை ஏற்றுவரும் இங்கிலத்தேரா விடுதி. சற்றுத் தெற்கே, 1929-இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்ற மாளிகையின் பெருங்குவிமாடம்.

கிழக்குப் பக்கத்தில், நான்கு தெருக்களுக்கு நடுவே ஒரு மனைத்தொகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது மான்சானா தெ கோமெஸ் என்னும் கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நிறைவெய்திய இக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மூலைக்கு மூலை குறுக்கே செல்லும் கூரையிட்ட நடைபாதைகளும் அவற்றின் இருமருங்கும் கடைகளும் இருந்தன. மழைக்கு ஒதுங்குவோரும், குறுக்கு வழியாகச் செல்வோரும், சும்மா கடை பார்த்து நடப்போரும் எந்நேரமும் அதனுள் புகுந்து வெளிவருவர். காலப்போக்கில் சுவர் பெயர்ந்து, கூரை ஒழுகி, மேல்தளங்கள் பாழடைந்தன.

அதே கட்டடம் 2017-இல் மான்சானா கெம்பின்ஸ்கிப் பெருவிடுதியாகத் திறக்கப்பட்டது. அதில் 246 அறைகள். மாடிமேல் நீச்சல் குளம். அதன் விளிம்பிலிருந்து பார்த்தால் சட்டமன்றக் குவிமாடம் கைக்கெட்டும் தொலைவில் தோன்றும். கட்டடத்தின் உடைமை, கியூபாவின் இராணுவத்தைச் சார்ந்த கவியோட்டா என்னும் நிறுவனத்திடம் உள்ளது. விடுதியை நடத்தும் பொறுப்பை ஐரோப்பியக் குழுமமாகிய கெம்பின்ஸ்கி ஏற்றது. பழைய நடைபாதைகளில் வெர்சாச்சே, மோன்பிளாங் முதலிய உயர்விலைக் கடைகள் வந்து அமர்ந்தன. கியூபப் பொதுவுடைமைக் கட்சியை 1925-இல் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ஹூலியோ அந்தோனியோ மெல்லாவின் மார்பளவுச் சிலை முன்பு அந்த நடைபாதையில் இருந்தது. மராமத்துப் பணியின்போது அது அகற்றப்பட்டது.

விடுதி திறந்த நாட்களில் நகரத்து மக்கள் திரள்திரளாக வந்து கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொருள்களைப் பார்த்துச் சென்றனர். அரசுப் பணியாளர் ஒருவரின் சராசரி மாதச் சம்பளம் அப்போது ஏறத்தாழ 30 டாலர். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த கைக்கடிகாரம் ஒன்றின் விலையோ ஆயிரக்கணக்கான டாலர். ஓர் ஆசிரியையின் பல்லாண்டு உழைப்பு அந்தச் சிறு பேழைக்குள் அடங்கிக் கிடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இம்மாளிகையில் நம் நாட்டவரின் வியர்வையும் கலந்திருக்கிறது. கட்டுமானப் பணியில் ஈடுபட்ட பிரெஞ்சு நிறுவனமான புய்க், நூற்றுக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளரை அங்கே கொண்டு சேர்த்த செய்தி 2016-இல் வெளிவந்தது. உடலுழைப்புக்கு வெளிநாட்டவரை அமர்த்துவது கியூபாவில் அதுவரை வழக்கமில்லை. உள்ளூர்த் தொழிலாளி பெற்ற கூலியைப் போல் பல மடங்கு இவர்களுக்குத் தரப்பட்டது. கியூபத் தொழிலாளியின் ஊதியமோ அரசு முகவர் வழியாக, சொற்பப் பெசோக்களாக அவர் கையை அடைந்தது. அப்படியிருக்க, அவரிடம் வேலையில் விரைவையும் ஆர்வத்தையும் எதிர்பார்ப்பது எங்ஙனம்? வீட்டை விட்டுக் கடல் கடந்து சென்ற ஏழைத் தொழிலாளியும், வீட்டில் இருந்தபடியே வேலையை இழந்த ஏழைத் தொழிலாளியும் ஒரே சுவரின் இருபுறமும் நின்றனர்.

சூதாட்ட அரங்குகளின் காலம்

ஆடம்பர விடுதி ஹவானாவுக்குப் புதிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் இருந்தது. அக்காலத்தில் மதுவும் கேளிக்கையும் நாடிய பலர் கப்பலேறி ஹவானாவுக்கு வந்தனர். அவர்களையும் எண்ணிக் கடற்கரைக் குன்றின்மேல் எழுப்பப்பட்ட நாசியோனால் விடுதி 1930-இன் இறுதியில் திறக்கப்பட்டது. 1946 டிசம்பரில் அமெரிக்கக் குற்றக் கும்பல்களின் தலைவர்கள் அவ்விடுதியில்தான் கூடி ஆலோசனை நடத்தினர்.

1952-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பட்டிஸ்டா, 1955-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பத்து இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு விடுதி கட்டுவோருக்கு வரிச்சலுகையும் சூதாட்ட அரங்கு நடத்தும் உரிமமும் கிடைக்கும் என்பது அதன் சாரம். விளைவு உடனே தெரிந்தது. மேயர் லான்ஸ்கி என்னும் சூதாட்டத் தலைவரின் ரிவியேரா விடுதி 1957 டிசம்பரிலும், 25 அடுக்கு ஹில்டன் விடுதி 1958 மார்ச்சிலும் திறக்கப்பட்டன. ஹில்டன் விடுதியைக் கட்டப் பயன்பட்ட பணம் கியூபாவின் உணவகத் தொழிலாளர்களுடைய ஓய்வூதிய நிதியிலிருந்து வந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. பரிசாரகர்களின் முதுமைக்காலச் சேமிப்பு சூதாட்ட மண்டபமாக உருவெடுத்தது.

அந்த விளக்குகளின் வெளிச்சம் கரும்புத் தோட்டங்களை எட்டவில்லை. அறுவடைக் காலத்தில் மட்டும் கூலி கண்டு, எஞ்சிய மாதங்களைப் பட்டினியில் கழித்த குடும்பங்கள் நாட்டுப்புறமெங்கும் இருந்தன. 1959 புத்தாண்டு நாளில் பட்டிஸ்டா நாட்டைவிட்டு ஓடினார். மக்கள் வீதிக்கு வந்து சூதாட்ட அரங்குகளை உடைத்தெறிந்தனர். சனவரி 8 அன்று தலைநகருக்குள் நுழைந்த பிடல் காஸ்ட்ரோ, அதே ஹில்டன் விடுதியின் 23-ஆம் மாடியில் தங்கிச் சில மாதங்கள் அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். பின்னர் விடுதி அரசுடைமையாகி, ‘விடுதலை ஹவானா’ என்று பொருள்படும் ஹபானா லிப்ரே எனப் பெயர் பெற்றது.

அடைபட்ட கதவு

1961 சனவரியில் அமெரிக்கா தூதரக உறவை முறித்தது. 1962 பிப்ரவரியில் முழு வணிகத் தடையை விதித்தது. அவ்வாண்டிலேயே கியூபக் குடும்பங்களின் கைக்குப் பங்கீட்டுப் புத்தகம் வந்து சேர்ந்தது. சர்க்கரையைச் சோவியத் நாடு வாங்கிற்று. எண்ணெயை அந்நாடே தந்தது. கல்வியும் மருத்துவமும் எல்லார்க்கும் இலவசமாயின. அது மெய்யான சாதனை. ஆனால் பேச்சுரிமையும் சமயச் சுதந்திரமும் குறுகின. கத்தோலிக்கப் பள்ளிகள் 1961-இல் அரசுடைமையாயின. குருக்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழா, 1969 முதல் விடுமுறை நாள் என்ற தகுதியையும் இழந்தது.

1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியது. எண்ணெய் நின்றது; ஊர்திகள் நின்றன. சீனாவிலிருந்து வந்த மிதிவண்டிகள் வீதிகளை நிறைத்தன. வயலில் மீண்டும் எருதுகள் பூட்டப்பட்டன. நாட்டின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துபோனது. அந்நெருக்கடியில், அயல்நாட்டுச் செலாவணி ஈட்டும் வழியாக அரசு சுற்றுலாவை நாடியது. வரதேரோ என்னும் வெண்மணற் கடற்கரையில், ஸ்பானிய மெலியா நிறுவனத்தின் கூட்டுறவோடு 1990-லேயே ஒரு விடுதி திறக்கப்பட்டிருந்தது. வடகரையை ஒட்டிய சிறு தீவுகளுக்குக் கடலின் நடுவே கற்களைக் கொட்டிச் சாலைகள் போடப்பட்டன. காயோ கோகோ தீவுக்கு 1988-இல் போடப்பட்ட 27 கிலோமீட்டர்ச் சாலை, உப்பங்கழியின் நீரோட்டத்தைத் தடுத்து மீன்வளத்தைக் கெடுத்தது. அந்தப் பாடத்தைக் கற்ற பின்னரே, காயோ சாந்தா மரியா தீவுக்குச் சென்ற 48 கிலோமீட்டர்ச் சாலையில் நீர் புகுந்து வெளிவர நாற்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள் அமைக்கப்பட்டன.

1990-இல் சுமார் மூன்றரை இலட்சமாக இருந்த பயணிகளின் தொகை, 2018-இல் 47 இலட்சம் அளவுக்கு உயர்ந்தது. இவ்வளர்ச்சியின் நடுவே ஒரு வினோதமும் நிகழ்ந்தது. பொறியாளர் வாடகைக் கார் ஓட்டினார். மருத்துவர் உணவு பரிமாறினார். பயணி ஒருவர் மேசைமீது வைத்துச் செல்லும் இனாம், அவர்களுடைய மாதச் சம்பளத்தையே மிஞ்சியது. அதைவிடக் கசப்பானது மற்றொன்று: பயணிகளுக்கென ஒதுக்கப்பட்ட விடுதிகளில் அறை எடுத்துத் தங்கக் கியூபக் குடிமக்களுக்கு 2008 வரை அனுமதி இல்லை. கையில் பணம் இருந்தாலும், தம் நாட்டு மாளிகையின் வாயிற்படியில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர்.

1998 சனவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கியூபாவுக்கு வந்தார். கியூபா உலகுக்குத் தன்னைத் திறக்க வேண்டும், உலகும் கியூபாவுக்குத் தன்னைத் திறக்க வேண்டும் என்று அவர் விடுத்த அழைப்பு எங்கும் எதிரொலித்தது. அவ்வருகையை முன்னிட்டு 1997-இல் கிறிஸ்து பிறப்பு விழா மறுபடியும் விடுமுறை நாளாயிற்று. 2014-இல் திருத்தந்தை பிரான்சிசு இரு நாட்டுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதி இணக்கத்துக்கு வழிகோலினார். அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று உறவைப் புதுப்பிக்கும் அறிவிப்பு வெளிவந்தது. 2016 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒபாமா ஹவானாவில் வந்திறங்கினார். 1928-க்குப் பின் பதவியிலிருக்கும் அமெரிக்கத் தலைவர் ஒருவர் அந்நகருக்கு வந்தது அதுவே முதன்முறை. அந்த நம்பிக்கையின் வேகத்தில்தான் மான்சானா போன்ற மாளிகைகள் எழுந்தன.

ஒரு வரலாற்றறிஞரின் வழி

இங்கே ஒரு மனிதரை அறிமுகம் செய்தாக வேண்டும். ஹவானா நகரின் அரசு வரலாற்றறிஞராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 2020 சூலையில் மறைந்தவர் எவுசேபியோ லேயால். பழைய ஹவானா 1982-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. ஆனால் பெருமைமிக்க அந்நகரில் வீடுகள் இடிந்து விழுந்துகொண்டிருந்தன. புதுப்பிக்கப் பணம் இல்லை.

1993-இல் அரசு ஒரு தனியுரிமையை லேயாலின் அலுவலகத்துக்கு அளித்தது. பழைய நகரில் விடுதிகளையும் உணவகங்களையும் அவ்வலுவலகமே நடத்தலாம். வரும் ஆதாயத்தை அதே நகரைச் செப்பனிடச் செலவிடலாம். லேயால் சிறுசிறு விடுதிகளைத் திறந்தார். அவற்றின் வருவாயால் சதுக்கங்களும் ஆலயங்களும் மட்டுமன்றி, மக்கள் குடியிருந்த வீடுகளும் சீர்பெற்றன. பாழடைந்து கிடந்த பெலேன் துறவியர் மடம் முதியோர் பகற்பொழுதைக் கழிக்கும் இல்லமாயிற்று. பள்ளிகள், பேறுகால நலமையம் முதலியன எழுந்தன. குறைகள் இல்லாமல் இல்லை. செப்பனிட்ட தெருவுக்கு அடுத்த தெருவில் சுவர்கள் சரிந்துகொண்டுதான் இருந்தன. எனினும், விருந்தினர் கொடுத்த காசு எந்த வாசல் வழியே எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதை நகர மக்கள் தம் கண்ணால் கண்டனர்.

2016-இல் அந்த விடுதிகளும் கடைகளும் இராணுவத்தைச் சார்ந்த நிறுவனங்களின் கைக்கு மாற்றப்பட்டன. அதன்பின் காசு போகும் வழி மக்களின் பார்வையிலிருந்து மறைந்தது.

இருளில் ஒளிரும் கோபுரம்

திறந்த கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 2017-இல் அமெரிக்கா மீண்டும் கட்டுப்பாடுகளை விதித்தது. மான்சானா உள்ளிட்ட விடுதிகளோடு அமெரிக்கர் கொடுக்கல் வாங்கல் செய்வது தடை செய்யப்பட்டது. 2019-இல் சுற்றுலாக் கப்பல்கள் நின்றன. 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் எல்லாவற்றையும் முடக்கிற்று. 2024-இல் கியூபாவுக்கு வந்த பயணிகள் 22 இலட்சம் பேர். 2018-ஐ நோக்க அது பாதிக்கும் குறைவு.

வருவோர் குறைந்தும் கட்டுவது நிற்கவில்லை. ஹபானா லிப்ரே இருக்கும் அதே வேதாதோப் பகுதியில், 154 மீட்டர் உயரமும் 42 அடுக்குகளும் கொண்ட புதிய விடுதிக் கோபுரம் 2025-இன் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 600 அறைகள். கியூபாவிலேயே உயர்ந்த கட்டடம் அதுதான். அரசே வெளியிட்ட கணக்குகளின்படி, பல ஆண்டுகளாக நாட்டின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விடுதிகளையும் சுற்றுலாவையும் சார்ந்த துறைகளுக்கே சென்றது. வேளாண்மைக்குக் கிடைத்தது நூற்றுக்கு ஒரு சில பங்கு.

அதே காலத்தில் நாட்டின் மின்நிலையங்கள் பழுதுபட்டன. 2024 அக்டோபர் 18 அன்று பெரிய அனல்மின் நிலையம் ஒன்று நின்றுபோக, தீவு முழுதும் ஒருசேர இருளில் மூழ்கியது. நவம்பரிலும் டிசம்பரிலும் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. குளிர்பெட்டியிலிருந்த இறைச்சி கெடுமுன் சமைத்துவிட விறகு தேடினர் தாய்மார்கள். மின்விசை இன்றி ஏற்றும் பொறி ஓடாமையால் குழாயில் நீரும் வரவில்லை. சொந்த மின்னாக்கிகள் கொண்ட பெரிய விடுதிகளின் சன்னல்கள் மட்டும் அந்த இருளில் ஒளிர்ந்தன. அணையாத அந்த விளக்குகளைத் தத்தம் மாடி முகப்பில் நின்று பார்த்த மக்களுக்குப் பழைய பட்டிஸ்டாக் காலம் நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை.

பலர் பார்த்துக்கொண்டு நிற்கவும் இல்லை, புறப்பட்டுவிட்டனர். 2021-இன் இறுதியில் ஒரு கோடியே 11 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 2024-இன் இறுதியில் ஏறத்தாழ 97 இலட்சமாகச் சுருங்கியதென அரசுக் கணக்கே கூறுகிறது. போனவர்களுள் இளைஞரே மிகுதி. பேரப்பிள்ளைகளின் படத்தைக் கைப்பேசியில் பார்த்து ஆறுதல் கொள்ளும் முதியோர் ஹவானாவின் தெருவெங்கும் உள்ளனர்.

இவ்வின்னலுக்கு வணிகத் தடையே முழுக்காரணம் என்பர் ஒரு சாரார். ஆட்சியாளரின் பிழையே என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. தடை ஒரு நாட்டின் கழுத்தை நெருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இருக்கும் சிறு செல்வத்தை மின்நிலையத்துக்கு இடுவதா, வயலுக்கு இடுவதா, வெற்று அறைகளுக்கு இடுவதா என்ற தேர்வு வீட்டாருடையதே.

நீலக்குறி பொறித்த வீடுகள்

ஹவானாவில் விருந்தினர் தங்க மற்றொரு வகை இடமும் உண்டு. 1997 முதல், குடும்பத்தினர் தம் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடச் சட்டம் இடம் தருகிறது. அத்தகைய வீட்டின் கதவருகே தலைகீழான நங்கூரத்தை ஒத்த நீலநிறக் குறி ஒன்று காணப்படும். அதே போல, தம் வீட்டுக் கூடத்தையே சிற்றுணவகமாக்கிக்கொள்ளவும் 1993 முதல் வழி பிறந்தது. தொடக்கத்தில் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு மேல் போடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. இவ்வுணவகங்களுக்கு வழங்கும் ‘பாலதார்’ என்ற பெயர், மக்கள் விரும்பிப் பார்த்த ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது.

இவ்வீடுகளில் பளிங்கு இல்லை. மின்வெட்டு வந்தால் விருந்தினரும் வீட்டாரோடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் அமர வேண்டும். காலையில் வீட்டுத் தலைவி கொண்டுவரும் காப்பியும் கொய்யாப்பழமும் எளியவை. ஆனால் விருந்தினர் தரும் வாடகை அன்றைக்கே அந்த வீட்டுப் பாட்டியின் மருந்தாகவும், பிள்ளையின் காலணியாகவும் மாறுகிறது. சலவை செய்யும் அண்டை வீட்டுப் பெண்ணுக்கும், ரொட்டி கொண்டுவரும் சிறுவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. பயணிகள் குறைந்தபோது முதலில் அடிபட்டவையும் இவ்வீடுகளே. முதலீட்டுக் கணக்கில் இவற்றுக்கு இடம் இல்லை, பாதுகாக்கப் பெருநிறுவனமும் இல்லை.

விடுதி கட்டுவது குற்றமன்று. வெளியுலகோடு பேசவும், வேலைவாய்ப்புப் பெருக்கவும், பழங்கட்டடங்களைக் காக்கவும் அது உதவக்கூடும் என்பதை லேயாலின் பணி மெய்ப்பித்தது. கரிபியத் தீவுகளிலும் ஏனைய ஏழை நாடுகளிலும் கடற்கரைதோறும் இத்தகைய மாளிகைகள் எழும் இக்காலத்தில், ஒவ்வொன்றின் முன்னும் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதைக் கட்டியவனுக்கு நேரிய கூலி கிடைத்ததா? இதில் பரிமாறுபவன் தன் குடும்பத்தோடு ஒருநாள் இங்கே அமர்ந்து உண்ண முடியுமா? இதன் வருவாயில் அடுத்த தெருவின் இடிந்த சுவர் எழுமா?

நம் குடும்பங்களிலிருந்தும் இளைஞர் பலர் விடுதித் தொழில் கற்று அயல்நாடுகளுக்குச் செல்கின்றனர். வசதியுள்ளோர் விடுமுறைக்கு வெளிநாடு போய் வருகின்றனர். எங்கே சென்றாலும் அறையின் அழகை மட்டும் பாராமல், அதன் சன்னலைத் திறந்து எதிர்வீட்டையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அங்கே விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொண்டால், நாம் எந்த நாட்டில் தங்கியிருக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.